17 கிலோ பையும் ஐந்து நாள் நடையும்

வாசகர் கேள்வி - பதில்

பல நாள் மலைநடை பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பரவியிருக்கும் வட சென்னை வாசகர்களிடமிருந்து வந்தது. மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடுகூட இல்லாத பகுதியிலிருந்து இத்தனை ஆர்வமா என்று மகிழ்ந்தேன். எல்லோரும் போகும் பாதையைக் காட்டிலும் தூக்கும் பையைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பதால், இந்த இதழின் பதில்கள் அனைத்தும் பையைச் சுற்றியே அமைகின்றன.

கேள்வி: நண்பர்கள் நால்வர் நவம்பர் மாதத்தில் மேற்கு வங்கத்தின் சந்தக்ஃபூ மலைக்கு ஐந்து நாள் நடைப்பயணம் செல்கிறோம். பையை நிரப்பி எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது, தண்ணீர் இல்லாமலேயே 17 கிலோ காட்டியது. என் எடை 62 கிலோ. சாமான் பட்டியலை இணைத்துள்ளேன். எதை எடுத்துப் பார்த்தாலும் தேவையானது என்றே தோன்றுகிறது. வெளிநாட்டுச் சாமான்களை விலை கொடுத்து வாங்கினால்தான் எடை குறையுமா?
- துறைமுகத்தில் பணிபுரியும் வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இம்முறை எழுதியவர்களில் பையை எடை போட்டுவிட்டுக் கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்கும் அதே தராசு போதும். ஆனால் மொத்தப் பையை வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே வைத்து, கிராம் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலை அப்படித்தான் நான் படித்தேன்.

மலையேறிகள் உணவு, தண்ணீர், எரிபொருள் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு, மீதமுள்ளவற்றை அடிப்படை எடை என்று கணக்கிடுவார்கள். நடக்க நடக்க முதல் மூன்றும் குறைந்துகொண்டே போகும். அடிப்படை எடையோ கடைசி நாள்வரை தோளைவிட்டு இறங்காது. அது சுமார் 9 கிலோவுக்குள் இருந்தால் இலகுவான பை என்றும், 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலகுவானது என்றும் உலகெங்கும் சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் பட்டியலில் தின்பண்டம் ஒன்றரைக் கிலோவைக் கழித்தாலும் அடிப்படை எடை பதினைந்தரைக் கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீரைச் சேர்த்தால் மொத்தம் 19 கிலோ, அதாவது உங்கள் உடல் எடையில் முப்பது விழுக்காட்டுக்கும் மேல். பழக்கமில்லாதவர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பதால், உங்களுக்கான உச்சவரம்பு 12 கிலோவை ஒட்டியதுதான்.

இனி பட்டியலுக்கு வருவோம். முதல் வரியிலேயே 3.1 கிலோ எடையுள்ள இருவர் கூடாரம் இருக்கிறது. மானேபஞ்சனில் தொடங்கும் இந்தப் பாதையில் தும்லிங், காலிபொக்ரி, 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூ என்று இரவு தங்கும் ஊர்களிலெல்லாம் விடுதிகள் உள்ளன. கட்டிலும் கனத்த ரஜாயும் சுடச்சுடச் சோறும் கிடைக்கும். எனவே கூடாரம் வீட்டிலேயே இருக்கட்டும். 2.2 கிலோ ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதிலாக, பழைய மெல்லிய புடவை ஒன்றை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் திறப்பு விட்டு மற்ற இரண்டு பக்கமும் தைத்து உறையாக்கிக்கொண்டால் 300 கிராமில் முடிந்துவிடும்; பிறர் போர்த்திய ரஜாய்க்குள் படுக்கும் சங்கடமும் தீரும். ரஜாய் கிடைக்குமா என்பதை அறையை முன்பதிவு செய்யும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இவை இரண்டும் போனபின் 2.9 கிலோ எடையுள்ள 75 லிட்டர் பைக்கு வேலையே இல்லை. 40 லிட்டர் அளவில் 1.2 கிலோ பை ஒன்று போதும். நண்பரிடம் இரவல் கேட்டால்கூடத் தவறில்லை. ஆக மூன்றே பொருள்களில் 6.7 கிலோ குறைந்துவிட்டது, ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

அடுத்து துணி. இரண்டு ஜீன்ஸ் 1.4 கிலோ, ஐந்து பருத்தி டி-ஷர்ட் ஒரு கிலோ, தோல் ஜெர்கின் ஒன்றரைக் கிலோ. ஜீன்ஸ் நனைந்தால் காய ஒரு பகலும் போதாது. பருத்தி பனியனோ வியர்வையைக் குடித்துவைத்துக்கொண்டு, மாலைக் குளிரில் முதுகோடு ஒட்டி உடலின் சூட்டை இழுத்துக்கொள்ளும். சென்னையில் அதுவே நமக்குக் குளுமை தருகிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே அதே குணம் நமக்குப் பகையாகிறது. விளையாட்டுச் சீருடைக்குப் பயன்படும் மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட் இரண்டு சேர்த்து 300 கிராம், விரைவில் உலரும் பேன்ட் ஒன்று 300 கிராம். பகலில் ஒரு தொகுதியை உடுத்துங்கள். இன்னொன்றை இரவுக்கென்று உலர்வாக வைத்திருங்கள். ஜெர்கினுக்குப் பதில் செயற்கைப் பஞ்சு அடைத்த மெல்லிய ஜாக்கெட் அரைக் கிலோவில் கிடைக்கும். அம்மா பின்னிக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டர் 600 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இருக்கட்டும், நனைந்த பிறகும் கம்பளி ஓரளவு கதகதப்பைத் தரும். ரயிலுக்கு உடுத்திச் சென்ற துணியைப் பூட்டிய சிறு பையில் போட்டு, மானேபஞ்சனில் நீங்கள் தங்கும் இடத்திலேயே விட்டுச் செல்லலாம்.

மீதமுள்ளவை சில்லறைதான், ஆனால் சில்லறை சேர்ந்துதானே நோட்டாகிறது? டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு, இரண்டு ஸ்டீல் பாட்டில்களுக்குப் பதில், காலியாக ஒவ்வொன்றும் 30 கிராமே இருக்கும் குடிநீர் பாட்டில்கள் இரண்டு, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்குக்குப் பதில் 10,000. ஷாம்பு பாட்டில், பவுடர் டப்பா, சோப்புப் பெட்டி எல்லாம் சேர்ந்த 800 கிராமுக்குப் பதில் ஐந்து நாளுக்குத் தேவையான அளவில் 200 கிராம். கனத்த செருப்புக்குப் பதில் ரப்பர் செருப்பு. விடுதியிலேயே சாப்பாடு கிடைப்பதால் முறுக்கு, ஊறுகாய் வகைகளை 600 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்தால் உங்கள் 17 கிலோ ஏறக்குறைய 4.6 கிலோவாகிவிடும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பவுடர் டப்பாவரை எழுதியிருந்த அந்த 17 கிலோ பட்டியலில் மழைக்கோட்டு இல்லை, விளக்கு இல்லை, மருந்து இல்லை, கையுறையும் இல்லை. அவற்றோடு குளிர் உள்ளாடை ஒரு தொகுதி, கம்பளிக் குல்லாய், கூடுதல் சாக்ஸ், பைக்குள் விரிக்கும் கனத்த பாலித்தீன் உறை ஆகியவற்றைச் சேர்த்தாலும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. மொத்தம் ஆறு கிலோவுக்குள், தண்ணீரோடு எட்டு. நீங்கள் புதிதாக வாங்க வேண்டியிருப்பது ஜாக்கெட்டும் மழைக்கோட்டும் விளக்கும் போன்ற சிலவே. அவற்றில் எதற்கும் வெளிநாட்டு முத்திரை தேவையில்லை.

கேள்வி: முதலில் நல்ல பை ஒன்றை வாங்கிவிடலாம், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் சொல்கிறார். எத்தனை லிட்டர் பை வாங்குவது?
- பெரம்பூர் வாசகி

பதில்: அவர் சொல்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பையைக் கடைசியாக வாங்க வேண்டும். பெரிய பையில் காலியிடம் இருந்தால் புறப்படும் இரவில் கை சும்மா இருக்காது. எதையாவது எடுத்துத் திணிக்கும். கொண்டுபோகும் எல்லாவற்றையும் ஒரு பழைய அரிசிச் சாக்கில் போட்டு, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்த பிறகு கடைக்குச் செல்லுங்கள்.

லிட்டர் கணக்கைவிட முதுகின் நீளம் முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு தெரியும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான இடம்வரை இஞ்சு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கும் இந்த நீளம் வேறுபடலாம் என்பதால், கணவருக்குப் பொருந்தும் பை உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். கடையிலேயே ஏழெட்டுக் கிலோவை உள்ளே வைத்துத் தரச் சொல்லி, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிய பின், பையின் தோள்வாருக்கும் தோளுக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் சுமையை இடுப்பு தாங்குகிறது என்று பொருள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் உட்கார்ந்தால், அந்தப் பை எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் உங்களுக்கு உரியதன்று. அடுக்கும்போது கனமானவை முதுகை ஒட்டி நடுப்பகுதியிலும், இரவில் மட்டும் தேவைப்படுபவை அடியிலும், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலேயும் இருக்கட்டும்.

கேள்வி: நான் தையல் தொழில் செய்பவன். மழைக்கும் பனிக்கும் மேலே கட்டிக்கொள்ளும் இலகுவான விரிப்பை நானே தைத்துக்கொள்ள முடியுமா? எந்தத் துணி, எந்த நூல், எந்தக் கயிறு என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.
- பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியைத் தொடங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி, 1955ஆம் ஆண்டில் தம் 67ஆம் வயதில், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அவர் தோளில் தொங்கியது தாமே தைத்த டெனிம் துணிப் பை. மழைக்கு அவர் வைத்திருந்தது குளியலறைத் திரைச்சீலை. காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. இலகுவான நடையைப் பற்றி இன்று பேசுபவர்கள் எல்லோரும் அவரைத் தங்கள் முன்னோடி என்கிறார்கள். தையல் தெரிந்த நீங்கள் கடைக்காரரை நம்பியிருக்கத் தேவையில்லை.

துணியில் பார்க்க வேண்டியது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை, துணிக்கடையில் ஜி.எஸ்.எம். என்று கேட்டால் புரியும். சொல்லத் தெரியாத கடையாக இருந்தால், பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி, சௌகார்பேட்டையில் தெரிந்த நகைக்கடைத் தராசு எதிலாவது வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். இருவர் படுக்க மூன்று மீட்டருக்கு 2.4 மீட்டர் விரிப்பு, அதாவது 7.2 சதுர மீட்டர் போதும். 120 ஜி.எஸ்.எம். நீலத் தார்ப்பாயில் இது 864 கிராம் வரும், 50 ஜி.எஸ்.எம். பூச்சுள்ள நைலானில் 360 கிராம்தான். கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் வகையாக இருந்தால், ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் பரவாது. பொதுவாகப் பாராசூட் துணி என்று விற்கப்படுவதில் பூச்சு இல்லாத ரகமும் கலந்திருக்கும். துணியைக் கிண்ணம்போல் குழித்துத் தண்ணீர் ஊற்றி, அடியில் விரலால் தேய்த்துப் பாருங்கள், கசிந்தால் வேண்டாம்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். ஊசி 11 அல்லது 12ஆம் எண்ணுக்கு மேல் போனால் துளை பெரிதாகும். தையல் மிக நெருக்கமாக இருந்தால் தபால்தலைத் தாள்போல் அந்த வரிசையிலேயே கிழியும் என்பதால், தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். துணியின் நடுவில் குண்டூசி குத்தாதீர்கள். ஒவ்வொரு குத்தும் ஓர் ஒழுக்கு. நடு இணைப்பில் இரண்டு விளிம்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, நான்கு மடிப்பின் மேல் இரட்டைத் தையல் போடுங்கள். ஜீன்ஸ் காலின் உட்பக்கத்தில் உள்ள அதே தையல்தான், உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நான்கு மூலைகளிலும் நீள விளிம்புகளின் நடுவிலும் அதே துணியில் இன்னொரு அடுக்கு வைத்து, நாடா வளையத்தை முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓட்டி இறுக்குங்கள். காற்று அடிக்கும்போது முழு விசையும் வந்து விழுவது அங்கேதான். சிலிக்கோன் பூச்சுள்ள துணியென்றால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமற்ற சிலிக்கோன் பசையை டர்பென்டைன் எண்ணெயில் கரைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தையல் வரிசையின் மேல் தூரிகையால் தடவி ஒருநாள் காயவிடுங்கள். பாலியூரிதேன் பூச்சில் சிலிக்கோன் ஒட்டாது; அதற்குரிய பசைப் பட்டை தனியாக உண்டு.

கயிற்றுக்குக் காசிமேட்டைவிட நல்ல சந்தை எங்கே இருக்கிறது? வலைக்கும் படகுக்கும் கயிறு விற்கும் கடைகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கயிறுகளை மீட்டர் கணக்கில் வாங்கலாம். ஒன்றைமட்டும் கவனியுங்கள்: நைலான் கயிறு ஈரத்தில் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய விரிப்பு, நள்ளிரவு மழையில் தொய்ந்து முகத்தில் வந்து படிவதற்கு இதுவும் ஒரு காரணம். பாலியஸ்டர் கயிறு அவ்வளவு நீளாது. கடைக்காரருக்குக் கயிற்றின் வேதியியல் பெயர் தெரியாமல் போகலாம்; நனைந்தால் நீளாத கயிறு வேண்டும் என்று சொன்னால் சரியானதை எடுத்துத் தருவார், கூடவே அவிழ்க்க எளிதான முடிச்சு ஒன்றையும் கற்றுத்தருவார். தைத்து முடித்ததும் ஐப்பசி மழை ஒன்றில் மொட்டை மாடியில் கட்டி, அதன்கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். உத்தராகண்டில் மூன்று நாள் எங்கள் உணவை நாங்களே சுமந்து செல்லும்படி ஒரு பயணம் அமைந்திருக்கிறது. ஆளுக்கு எவ்வளவு எடுத்துச் செல்வது? சிறிய கேஸ் அடுப்பை இங்கிருந்தே கொண்டுபோகலாமா?
- திருவொற்றியூர்த் தம்பதியர்

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. அடுப்பின் தலைப்பகுதியை எடுத்துச் செல்லலாம். எரிவாயுக் குப்பியை எடுத்துச் செல்லவே கூடாது. ரயிலில் தீப்பற்றும் பொருள்களைக் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றம். விமானத்திலும் குப்பிக்கு அனுமதி இல்லை. மலையடிவார ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவு, உலர்ந்த நிலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 650 கிராம் என்று வையுங்கள். மூன்று நாளுக்கு இரண்டு கிலோ. கேட்க வேண்டியது அந்த 650 கிராமுக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி தருகின்றன, கொழுப்பு ஒன்பது. ஆகவே அவல் நூறு கிராமில் சுமார் 350 கலோரி இருக்க, அதே எடை வேர்க்கடலையில் 560க்கு மேல் இருக்கிறது. வீட்டில் அளந்து ஊற்றும் நெய்யை மலையில் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். கலவையின் சராசரி கிராமுக்கு நாலரை கலோரி வந்துவிட்டால், 650 கிராமில் 2,900 கலோரிக்கு மேல் கிடைக்கும்.

நம் சமையலறையிலேயே இதற்கு வேண்டியவை இருக்கின்றன. காலையில் வறுத்து அரைத்த சத்துமாவைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகவோ, அடுப்பு மூட்ட மனமில்லாத நாளில் வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டையாகவோ உண்ணலாம். மதியத்துக்கு அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, புளிக்காய்ச்சலோ பருப்புப் பொடியோ நல்லெண்ணெயோடு பிசைந்துகொள்ளுங்கள். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சை, முந்திரி. இட்லியும் தயிர்சாதமும் முதல் நாள் மதியத்துக்கு மேல் வேண்டாம். கெட்டுப்போவது ஒருபுறமிருக்க, சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர். துவரம்பருப்பு எடுத்துச் செல்லும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறைகிறது. 3,600 மீட்டரில் அது 88 டிகிரிதான். குக்கர் இல்லாமல் பருப்பு அங்கே வேகாது, எரிவாயுதான் தீரும்.

(அசைவம் உண்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கருவாடு எடை குறைந்தது, புரதம் நிறைந்தது, காசிமேட்டில் தரமாகவும் கிடைப்பது. ஆனாலும் எடுத்துச் செல்ல வேண்டாம். காட்டில் அந்த வாசனைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. ரயிலில் வருவது சக பயணிகளின் புகார்.)

கேள்வி: பவர் பேங்கை விமானத்தில் எந்தப் பையில் வைப்பது?
- கொளத்தூர் வாசகர்

பதில்: கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை அனுமதி உண்டு, 10,000 எம்.ஏ.எச். என்பது 37 வாட்-அவர். குளிரில் மின்கலம் விரைவில் தளரும் என்பதால், இரவில் அதையும் கைபேசியையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவியான நான் முதன்முறையாக நான்கு நாள் மலைநடைக்குச் செல்கிறேன். அந்த நாள்களில் மாதவிலக்கு வரக்கூடும். எடையும் குப்பையும் அதிகமாகாமல் எப்படிச் சமாளிப்பது?
- கொடுங்கையூர் வாசகி

பதில்: கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. மாதவிலக்குக் கோப்பை இருபது கிராம் அளவே இருக்கும், குப்பையும் சேராது. ஆனால் அதை மலையில் முதன்முறையாகப் பயன்படுத்திப் பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் வீட்டில் பழகியிருந்தால் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவவும் கோப்பையை அலசவும் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு சிறு பாட்டிலில் தனியாக இருக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் வழக்கமான நாப்கினே நல்லது, எடையை எண்ணிக் குறைவாக எடுத்துச் செல்லாதீர்கள். பயன்படுத்தியவற்றைக் காகிதத்தில் சுற்றி, வெளியே தெரியாத இரட்டை உறையில் போட்டு, சிறிது காய்ந்த தேயிலைத்தூள் தூவி மூடினால் வாடை வராது. மண்ணில் புதைத்தால் விலங்குகள் தோண்டும், எரித்தால் முழுவதும் எரியாது. ஆகவே ஊர்வரை திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும். மாத்திரையால் தள்ளிப்போடுவதை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 54. மகனோடு மலைநடை செல்ல ஆசை. எங்கள் பகுதி தட்டையானது. சுமையோடு ஏறிப் பழக எங்கே போவது? ஷூ எப்படி இருக்க வேண்டும்?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: கடல் மட்டத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்த ஊர் என்பது உண்மைதான். ஆனால் மாடிப்படிகளுக்குக் குறைவில்லை. குடியிருப்பின் நான்கு மாடிகளோ ரயில் நிலைய நடைமேம்பாலமோ போதும். ஆறு வாரங்களுக்கு முன்பே, மூன்று கிலோவில் தொடங்கி வாரம் ஒரு கிலோவாகக் கூட்டுங்கள். சுமைக்குத் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள்; முழங்காலில் வலி தொடங்கினால் மேலே போனதும் ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கிவிடலாம். இந்த வயதில் நுரையீரலைச் சோதிப்பது ஏற்றம், முழங்காலைச் சோதிப்பது இறக்கம். பலர் இரண்டாவதைப் பழகுவதே இல்லை. புறப்படும் முன் மருத்துவரிடம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூவில் கனத்தைக் குறைப்பதுபோல வேறெங்கும் குறைக்க முடியாது. காலில் கட்டிய ஒரு கிலோவுக்குச் செலவாகும் உழைப்பு, முதுகில் ஏற்றிய நான்கைந்து கிலோவுக்கு ஆகும் உழைப்புக்குச் சமம். நன்றாகப் போடப்பட்ட பாதைகளுக்கு, அடியில் பிடிப்புள்ள இலகுவான ஓட்டக் காலணியே ஏற்றது. பனியில் நடக்க வேண்டியிருந்தால் மட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் விட்டு வாங்குங்கள். எதுவானாலும் புதிதாக அணிந்து மலையேறாமல், ஒரு மாதமாவது தெருவில் நடந்து பழகிய பிறகு அணியுங்கள்.

ஒத்திகைக்கு, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் ஒன்றை இணையத்தில் முன்பதிவு செய்து போய்வாருங்கள். வழிகாட்டியும் உடன் வருவார். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச் மாதத்தில் குரங்கணியில் மலையேறிகள் காட்டுத்தீக்குப் பலியானதை நினைவில் வைத்திருப்பவர் எவரும், வனத்துறை அனுமதி இல்லாத பாதைக்கு யார் அழைத்தாலும் போகமாட்டார்.

கேள்வி: எடையைக் குறை, குறை என்று சொல்லிக்கொண்டே போனால் ஆபத்தில் முடியாதா? எதைக் கட்டாயம் குறைக்கக் கூடாது?
- எண்ணூர் வாசகர்

பதில்: முடியும். தராசு மோகம் பிடித்தவர்கள் மழைக்கோட்டை விட்டுவிட்டுப் போய் நடுங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் இளமையில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முந்நூறு கிராம் மிச்சம் பிடித்ததற்காக ஓர் இரவு முழுதும் பல் கிட்டிக் கிடந்தேன்.

வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் நனையாதபடி பாலித்தீன் உறைக்குள் கட்டிவைத்த இரவு உடை ஒரு தொகுதி இருந்தே ஆக வேண்டும். பையின் மேல் போடும் மழை உறையைமட்டும் நம்பக் கூடாது. முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். நெற்றியில் கட்டும் விளக்கை ஆளுக்கு ஒன்று வையுங்கள், கைபேசி வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீரைத் தூய்மையாக்கக் குளோரின் மாத்திரைகள் வேண்டும். போட்டபின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், குளிர்ந்த நீரானால் இன்னும் கூடுதலாக. காய்ச்சுவதானால் கொதி வந்தபின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடமும் விடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம், அதை ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஆளுக்கு மூன்று இருக்கட்டும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பாதியை உடன் வருபவர் பையில் வையுங்கள். ஒரு பை பள்ளத்தில் உருண்டாலும் மருந்து மிஞ்சும். அசல் அடையாள அட்டையும் அதன் நகல்களும் எல்லையோரப் பாதைகளில் கட்டாயம்.

குழுவாகச் செல்பவர்கள் மருந்துப் பெட்டி, கத்தி, சமையல் பாத்திரம், சார்ஜர் ஆகியவற்றைக் குழுவுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு கிலோவாவது குறையும். நால்வர் போய் நான்கு கொசுவத்திப் பொட்டலங்களோடு திரும்பிய கதையை ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர்கள் போன இடத்தில் கொசுவே இல்லையாம்.

கேள்வி: திரும்பி வந்த பிறகு அடுத்த பயணத்துக்குப் பட்டியலை எப்படித் திருத்துவது?
- ராயபுரம் வாசகர்

பதில்: வந்த அன்றே, குளிப்பதற்கு முன், பையைக் கூடத்தில் கொட்டுங்கள். தினமும் பயன்பட்டவை ஒரு குவியல், ஓரிரு முறை பயன்பட்டவை இன்னொன்று, தொடவே தொடாதவை மூன்றாவது. மூன்றாவது குவியலிலிருந்து மருந்தையும் மழைக்கோட்டையும் மட்டும் திரும்ப எடுத்துவைத்துக்கொண்டு, மீதியை எடை போட்டு நோட்டில் எழுதிய பின் பரணில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் செய்தால், ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம் தோன்றிவிடும்.